மாமா நெருப்புக்குப் பழகிய கோடை

செந்துறை போகும் பஸ் அந்த ஏற்றத்தில் எப்போதும் நின்றுவிடும். யுத்த காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்ஸின் பின்பக்கம் உயரமாக ஓர் உருளையைக் கட்டி, அதில் கரியைப் போட்டுப் புகைய வைத்து, அந்தப் புகையின் பலத்தில் வண்டியை ஓட்டினார்கள். சமதரையில் நன்றாகத்தான் போகும். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளவேண்டும். பெண்கள் இறங்கி நின்றால் போதும், பாரம் குறையுமல்லவா. அப்படி இறங்கி நான் ஒரு வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தபோது, முந்திரிக் காட்டுப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் தோளில் மூட்டையுடன் தலைதெறிக்க ஓடிவந்தார்.

கண்டக்டர்தான் முதலில் கத்தினார். "ஏய், புடி! மூட்டையத் தூக்கிட்டு ஓடறான் பாரு!" பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அதை அப்படியே விட்டுவிட்டு அந்த ஆளைத் துரத்தினார்கள். திரும்பிப் பார்த்த திருடன் பயப்படவில்லை. சிரித்தார். இன்னும் வேகமாக ஓடினார். சாலையோரத்துப் புளியமரத்தைக் கையால் தொட்டு, மூட்டையைப் பூப்போல இறக்கி வைத்து, மூச்சு இரைக்க நின்றுகொண்டு, துரத்தி வந்தவர்களைப் பார்த்து, "உங்க தோள்ல மூட்டகூட இல்லியே, ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்டார். அந்தக் குரலை வைத்துத்தான் எனக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. அவர் என் மாமா, என் அக்காவின் கணவர்.

அப்போது எனக்கு இருபது வயது. அரியலூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. கல்யாணம் ஆகவில்லை, அது எங்கள் வீட்டில் தினப்படிப் பேச்சு. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பது எனக்குப் பிறவி வியாதி. என்னைப் பெண் பார்க்க வந்தவரிடமே, "உங்களுக்கு ஏன் இந்த வயசு வரைக்கும் ஆகலை?" என்று கேட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். கோடை விடுமுறைக்கு அக்கா வீட்டில் ஒரு மாதம் இருக்கலாம் என்று வந்திருந்தேன். ஊர் செந்துறைக்குப் பக்கம்தான், அந்த ஏற்றத்திலிருந்து கூப்பிடு தூரம், பேர் வேண்டாம். வழியெல்லாம் மாமா ஒரு தோளில் மூட்டையும் இன்னொரு கையில் என் தகரப் பெட்டியுமாக நடந்தார். மூட்டையில் என்ன என்று கேட்டேன். வரகு என்றார். எங்கே கொண்டு போகிறீர்கள் என்றேன். எங்கேயும் இல்லை என்றார். பிறகு, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தி, "பரீச்சைக்குப் படிக்கறேன், டீச்சரம்மா" என்றார்.

அது நெருப்பணைக்கும் வேலைக்கான பரீட்சை. பட்டணத்தில் குண்டு விழும், ஊர் பற்றி எரியும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம் அது. தீயணைக்கும் படைக்குப் புதிதாக ஆள் சேர்த்தார்கள். அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு நாள் தேர்வு நடக்கும் என்று தாலுகா ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம். மாமா அதைக் கையால் எழுதிக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகைத் தூணில் குத்தி வைத்திருந்தார். ஓட்டம், கயிறு ஏறுதல், ஏணி ஏறுதல், ஓர் ஆள் பாரத்தைத் தூக்கி வருதல், சொல்வதெழுதல், டாக்டர் பார்வை. மேலே பெரிய எழுத்தில் 'வாலிபர்கள் தேவை' என்று இருந்தது. வாலிபர்கள் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நான் மாமாவைப் பார்த்தேன். காதோரம் நரை இறங்கியிருந்தது. "உங்களுக்கு என்ன வயசு மாமா?" என்று கேட்டேன். கொள்ளிடத்தில் பெரிய வெள்ளம் வந்தபோது தனக்கு மீசை அரும்பியிருந்தது என்றார். அதை வைத்து நான் கணக்குப் போட்டேன். முப்பத்து நாலு, முப்பத்தைந்து வந்தது. யுத்தத்துக்காக வயது வரம்பைத் தளர்த்தியிருக்கிறார்கள், டாக்டர் பார்த்துச் சரி என்றால் சரிதான் என்று ஆபீஸ் பியூன் சொன்னாராம். "எப்படிப் பாப்பாங்க, மாட்டுக்குப் பாக்கற மாதிரி பல்லப் புடிச்சா?" என்றேன். பல்லெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று வாயைத் திறந்து காட்டினார்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்பதுதான் அந்தக் கோடை முழுவதும் என்னைக் குடைந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் அந்த வீட்டின் இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் அக்கா அவள் புருஷனோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சண்டை என்று எதுவும் இல்லை. சமைப்பாள், பரிமாறுவாள், காட்டில் அவரோடு சேர்ந்து களை எடுப்பாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். பேச மட்டும் மாட்டாள். சொல்ல வேண்டியது எல்லாம் மகள் வழியாகத்தான் போகும். மகளுக்கு ஐந்து வயது. "உங்கப்பாவ சாப்புட வரச் சொல்லு" என்பாள், அப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். மகள் விளையாடப் போய்விட்டால் சுவரைப் பார்த்து, "சோறு ஆறுது" என்பாள். ஒருமுறை அவசரத்துக்கு யாரும் கிடைக்காமல் செவலைக் காளையிடம், "கூரையில ஓணான் ஓடுது, வெரட்டச் சொல்லு" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். மாமாவும் எழுந்து போய் விரட்டினார். ஊருக்கு இது பழகிப்போயிருந்தது. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும், சிரித்ததற்கு வருத்தமும் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய சித்திரையில் அவர்கள் தெரு எரிந்தது. உச்சி வெயில் நேரம். எவர் வீட்டு அடுப்பிலோ பிடித்த நெருப்பு, காற்றில் ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குத் தாவிக்கொண்டே வந்தது. அக்கா தெருமுனைக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். மாமா வீட்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் தீப்பிடித்தால் எந்த ஆண்பிள்ளையும் முதலில் செய்வது ஒன்றுதான்: மாட்டை அவிழ்த்து விடுவது. கட்டிக்கிடக்கும் வாயில்லாப் பிராணி தானாக ஓடித் தப்ப முடியாது. மாடு போனால் அந்த வீட்டில் அடுத்த வருஷம் ஏர் கிடையாது. மாமா கொட்டகைக்கு ஓடி இரண்டு காளை, ஒரு பசு, கன்று எல்லாவற்றையும் அவிழ்த்து விரட்டினார். வீட்டுக்குள் தூளியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கொட்டகையிலிருந்து திரும்பியபோது, அக்கா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, எரிகிற கூரைக்குக் கீழே புகுந்து, குழந்தையோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் இடது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது.

ஊரில் ஒருவரும் மாமாவைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் அதையேதான் செய்திருந்தார்கள். நாலு உருப்படியையும் காப்பாற்றிவிட்டார் என்று பாராட்டியவர்களும் உண்டு. அக்கா ஒரே ஒரு முறை, கைக்குக் கட்டுப் போட்டிருந்த நாளில், எங்கள் அம்மாவிடம், "மாட்டத்தாம்மா மொதல்ல அவுத்தாரு" என்று சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அவரோடு எதைப் பற்றியும் பேசவில்லை.

ஆகவே மாமா இந்த வேலைக்குப் போக ஆசைப்படுவதற்கும் அந்த நெருப்புக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று நான் முதல் நாளே ஊகித்துவிட்டேன். காக்கி உடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் அக்கா பேசிவிடுவாள் என்று மனக்கோட்டை கட்டுகிறார் போலும் என்று நினைத்தேன். ஆனால் அதை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கு அரித்தது. ஏன் மாமா இந்த வேலை என்று எத்தனை முறை கேட்டேனோ அத்தனை பதில் சொன்னார். ஒரு நாள், மாதச் சம்பளம் வருமே என்றார். இன்னொரு நாள், பித்தளைத் தொப்பி கொடுப்பார்களாம், அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாம் முறை அவர் சொன்ன பதில் எனக்கே பிடித்திருந்தது. "நாம மாட்ட வச்சுக் கவலை எறச்சாதான் தண்ணி கெணத்த வுட்டு மேல வருது. அந்த வண்டியில தண்ணி தானா மாடி உசரத்துக்கு ஏறுதாமே, அது எப்படின்னு பாக்க வேணாமா?" எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசையாகிவிட்டது. ஒரு வாரம் இரண்டு பேரும் அதைப் பற்றியே பேசினோம். அவர் என்னைத் திசை திருப்பிவிட்டார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பழகுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுவார். கயிறு ஏறுவது அவருக்குப் புதிதில்லை. கிணறு தூர்வாரும் காலத்தில் ஊருக்கே அவர்தான் கயிற்றில் இறங்குவார். ஆனால் ஏறும்போது கிணற்றுச் சுவரில் காலை உதைத்து ஏறுவது வழக்கம். மைதானத்தில் சுவருக்கு எங்கே போவது? அதனால் புளியங்கிளையில், மாடு பூட்டிக் கவலை இறைக்கும் தடித்த கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, காலை மடக்கிக்கொண்டு வெறும் கையால் ஏறிப் பார்த்தார். பாதியில் சறுக்கி விழுந்தார். உள்ளங்கை தோலுரிந்தது. மறுநாளும் ஏறினார். தினமும் விடியற்காலையில் ஓட்டம். முதலில் வெறுமனே, பிறகு வரகு மூட்டையோடு. முந்திரிக் காட்டைச் சுற்றி வரும்போது இளவட்டங்கள் சாலையில் நின்றுகொண்டு, "சித்தப்பா, ரயிலு போயிருச்சு, மெதுவாவே போங்க!" என்று கத்துவார்கள். அவர் கையை ஆட்டிவிட்டு ஓடுவார்.

சாயங்காலம் என் வகுப்பு. மாமா மூன்றாம் வகுப்போடு நின்றவர். படிப்பார், எழுதுவதுதான் கலப்பை பிடிக்கிற கைக்குப் பெரும் பாடு. நான் ஏணி, குழாய், தண்ணீர்த் தொட்டி, அபாய மணி என்று வரிசையாகச் சொல்லுவேன். பலகையில் ஒவ்வொரு எழுத்தையும் பாத்தி கட்டுவது மாதிரி நிதானமாகக் கட்டுவார். பக்கத்தில் அவர் மகளும் ஒரு பலகையோடு உட்கார்ந்துவிடும். யார் முதலில் எழுதி முடிப்பது என்று போட்டி. மகள்தான் ஜெயிக்கும். "அப்பாவுக்கு சுழி வரல சித்தி" என்று கோள் சொல்லும். அடுப்படியில் அக்காவின் முதுகு குலுங்கும். சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும், திரும்ப மாட்டாள்.

நெருப்பையும் அவர் விட்டு வைக்கவில்லை. அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடந்த களத்தில் நாலு கழியை நட்டு, பழைய கீற்றை மேலே போட்டு, உள்ளே ஈர வைக்கோலைப் புகைய விட்டு, அதற்குள் தானே நுழைந்து பார்த்தார். நின்றுகொண்டு போனால் கண்ணும் தெரியவில்லை, மூச்சும் விட முடியவில்லை; தவழ்ந்து போனால் தரைக்குப் பக்கத்தில் ஒரு முழ உயரத்துக்குப் புகை இல்லாத காற்று இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று வெளியே வந்து, கரிபிடித்த முகத்தில் கண் மட்டும் சிவந்து தெரிய, "வா, வந்து நீயும் பாரு!" என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கா சொல்ல வேண்டும்? ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நானும் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். கன்னத்தைத் தரையில் வைத்தால் எதிர்ப்பக்கத்து வெளிச்சம்கூடத் தெரிந்தது. இரண்டு பேரும் கரியாக வீட்டுக்கு வந்ததைப் பார்த்து அக்கா மகளைக் கூப்பிட்டு, "உங்கப்பாவ வைக்கப்போர் பக்கம் நெருப்பக் கொண்டு போக வேணாம்னு சொல்லு. உங்க சித்திக்குக் கல்யாணம் ஆவணும், அவளுக்கும் சொல்லு" என்றாள். மறுநாள் காலையில் மாமா ஓடி முடிக்கும் புளியமரத்தடியில் ஒரு செம்பு மோர் இருந்தது. யார் வைத்தது என்று மாமா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் பழகினார். ஒன்றே ஒன்றுக்குப் பழகவில்லை. அப்படி ஒன்று இருப்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

தேர்வு நாளன்று அக்காவும் மகளோடு அரியலூருக்கு வந்தாள். அங்கே இருக்கும் எங்கள் அப்பாவைப் பார்த்து நாளாயிற்று என்று காரணம் சொன்னாள். மைதானத்தில் திருவிழாக் கூட்டம். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் பையன்கள் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க அதைவிட இரண்டு பங்கு ஜனம். பெண்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஓரத்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டோம். வரிசையில் நின்ற மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவே மாமா, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்து வரிசையில் தவறி நின்றுவிட்டவர் மாதிரி இருந்தார். டாக்டர் மார்பை அளந்தார், முதுகைத் தட்டினார், கண்ணை இழுத்துப் பார்த்தார், நிஜமாகவே பல்லையும் பார்த்தார். ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே அனுப்பினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஓட்டத்தில் நடுவாக வந்தார். கயிற்றில் ஏறியதைப் பார்த்து ஜனம் கைதட்டியது. அவருக்கு முன்னால் போன பையன்கள் பாதிப்பேர் சறுக்கி விழுந்திருந்தார்கள். ஏணியில் குரங்கு மாதிரி ஏறி இறங்கினார். சொல்வதெழுதலில் என்ன வந்தது என்று எனக்குத்தான் தவிப்பு. என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். 'அபாய மணி' வந்திருந்ததாம். இன்னும் ஒன்றுதான் பாக்கி.

மைதானத்தின் கோடியில், நாங்கள் இருந்த மரத்துக்குப் பக்கமாக, ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். உள்ளே ஈர வைக்கோல் புகைந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் எடைக்கு மணல் மூட்டை ஒன்று உள்ளே கிடக்கும். விசில் ஊதியதும் ஓடிப்போய் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வர வேண்டும். பட்டணத்திலிருந்து வந்த அதிகாரி கையில் கடிகாரத்தோடு நின்றார். உள்ளே ஆள் மயக்கமாகக் கிடக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். மாமாவிடமும் சொன்னார். மாமா தலையாட்டினார். இது அவர் களத்திலேயே செய்து பார்த்த வித்தை. வரகு மூட்டையைச் சுமந்து தோளே காய்த்துப் போயிருந்தது. நான் அக்காவின் காதில், "இதுல மாமாதான் மொதல்" என்றேன்.

விசில் ஊதியது. மாமா அம்பு மாதிரி பாய்ந்தார். வாசல் வரை நேராகப் போனவர், அங்கே போனதும் சட்டென்று இடது பக்கம் திரும்பி, கொட்டகைக்குப் பின்னால் ஓடினார். அங்கே ஒரு முளை அடித்து, கொட்டகை காற்றில் சாயாமல் இருக்க அதன் மூலையை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மாமா குனிந்து அந்த முளையில் கை வைத்து, ஒரே இழுப்பில் முடிச்சை அவிழ்த்து, "ஹை, ஹை" என்று கையை வீசினார். மாடு விரட்டுகிற வீச்சு. கொட்டகை மெதுவாக ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

ஜனம் எழுந்து நின்று பார்த்தது. பிறகு மைதானமே சிரித்தது. மாமா கையிலிருந்த கயிற்று நுனியைப் பார்த்துக்கொண்டே ஒரு கணம் நின்றார். அப்புறம் சாய்ந்த கீற்றுக்குக் கீழே தவழ்ந்து நுழைந்து, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கோட்டுக்கு ஓடிவந்தார். கடிகாரத்தை அதிகாரி எப்போதோ மூடிவிட்டிருந்தார்.

"அங்க போயி என்னய்யா அவுத்த?"

"மாடுங்க."

"மாடா? எங்கய்யா மாடு?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் சிரித்தார்கள். மாமா மூட்டையை இறக்கவில்லை. அதைச் சுமந்தபடியே பேசினார். "இல்லைங்க. கை தானா போயிருச்சுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்க வூடு எரிஞ்சப்பவும் இப்படித்தாங்க போச்சு. புள்ள உள்ள தூங்குனது எனக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சும் கை மாட்டுக்குப் போயிருச்சு. எம் பொண்டாட்டி போயித் தூக்கியாந்தா. அவ கை வெந்துபோச்சு." மூச்சு வாங்கினார். "இங்க வந்தா எது மொதல்லன்னு இந்தக் கைக்குக் கத்துக் குடுப்பீங்கன்னுதாங்க வந்தேன். வேற ஒண்ணுமில்ல."

ஒரு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் இதுதான். சம்பளமும் இல்லை, தொப்பியும் இல்லை. அக்காவைப் பேச வைக்கலாம் என்ற நினைப்புகூட இல்லை. நான் அவரை அவ்வளவு லேசாக எடை போட்டிருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை. இரக்கப்பட்டு எதையும் செய்கிறவரும் இல்லை. "ஏணி ஏறக் கத்துக் குடுப்போம், குழாயப் புடிக்கக் கத்துக் குடுப்போம். இது அங்க வந்து கத்துக்கற விஷயமில்லய்யா. உன் கை தப்பாப் போனா உள்ள இருக்கறவன் செத்தான்" என்றார். "மூணு மாசம் கழிச்சுத் திருச்சியில மறுபடி எடுப்போம். பழகிட்டு வர்றதுன்னா வா." சாயங்காலம் படித்த பட்டியலில் மாமா பேர் இல்லை.

அக்கா அந்தச் சாய்ந்த கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள், வெந்து தோல் சுருங்கிய கையால். "அவரு என்ன சொன்னாரு? இன்னொருக்கா சொல்லு" என்றாள். அவள் காதிலும் விழுந்ததுதான். இருந்தாலும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். "கை தானா போச்சுன்னாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளையையும் மாட்டையும் தராசில் வைத்துப் பார்த்து மாடுதான் பெரிது என்று முடிவு செய்தார் என்றல்லவா அவள் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்! அவர் ஒன்றையும் முடிவு செய்யவில்லை. அவருக்கு முன்னால் அவர் கை போய்விட்டது. அதைச் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும் என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கிறார். கேட்டால் அழுதுவிடுவோம் என்று இவள் கேட்காமல் இருந்திருக்கிறாள். இத்தனை ஏன் கேட்கிற நானும் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் திரும்பினோம். வழக்கமான ஏற்றத்தில் வண்டி நின்றது. மாமா இறங்கித் தள்ளினார். அக்காவும் நானும் ஓரமாக நின்றோம். அவர் தள்ளுகிற முதுகை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது நான் திருச்சியில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் தெரு வழியாகத் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போகும். பஸ், சைக்கிள், மாட்டுவண்டி எல்லாம் ஒதுங்கி வழிவிடும். பேரன்கள் வாசலுக்கு ஓடுவார்கள். நானும் இந்த வயதில் எழுந்து போய்ப் பார்ப்பேன். தண்ணீர் எப்படி மாடிக்கு ஏறுகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். மாமாதான் ஒரு தீபாவளிக்கு வந்தபோது தரையில் படம் போட்டு விளக்கினார். ஆமாம், அவரை எடுத்துக்கொண்டார்கள். திருச்சித் தேர்வில் வயதைப் பற்றி முணுமுணுத்தார்களாம்; ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அவரும் சொன்னதில்லை, வேறு யார் சொல்லியும் நான் கேட்டதில்லை. மாமா இன்று இல்லை, அக்காவும் இல்லை. தீயணைப்புப் பையன்கள் வண்டியில் தொற்றிக்கொண்டு போகும்போது நான் அவர்கள் கைகளைத்தான் பார்க்கிறேன். இவர்களை வீட்டில் யார் உட்கார்ந்து பழக்கினார்களோ என்று தோன்றும். ஏனென்றால் மாமாவைப் பழக்கியவளை எனக்குத் தெரியும்.

நாங்கள் அரியலூரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை. நான் கண் விழித்தபோது மாட்டுக் கொட்டகைப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"எவ்ளோ நேரமா உள்ள உக்காந்திருக்கேன்? வாங்க!"

மகளைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். மகள் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளையை யாராவது வாங்க என்று கூப்பிடுவார்களா? தூக்கிவாரிப் போட, எழுந்து ஓடினேன். மாமா தெருக்கோடியில் நின்றுகொண்டிருந்தார். கொட்டகை வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு காளையையும் கட்டியிருந்தாள். அவற்றைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. அக்கா உள்ளே, வைக்கோலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீ நின்னு எண்ணு" என்றாள்.

மாமா ஓடிவந்தார். வாசலில் அவர் கை செவலைக் காளையின் கயிற்றுக்குப் போய்விட்டது. "மாட்ட வுடுங்க! நான் இங்க இருக்கேன்!" என்றாள் அக்கா. திரும்பித் தெருக்கோடிக்குப் போனார். மறுபடி ஓடிவந்தார், மறுபடி கை போனது. "நான் இங்க இருக்கேங்கறேன்ல?" என்று அவள் குரல் உடைந்தது. எத்தனை முறை என்று இப்போது நினைவில்லை. தெருவில் ஆள் கூடிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு முறை மாமா இரண்டு காளைகளையும் திரும்பியும் பார்க்காமல், குனிந்து, அக்காவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, புளியமரம் வரை ஓடினார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அவர் முதுகில் அந்த வெந்த கையால் குத்திக்கொண்டே, "எறக்குங்க, ஊரே பாக்குது, எறக்குங்கங்கறேன்" என்றாள் அக்கா. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே கண் மறைத்தது.

மாமா அவளை மரத்தடியில் இறக்கிவிட்டு, மூச்சு வாங்க என் பக்கம் திரும்பி, "எவ்ளோ ஆச்சு டீச்சரம்மா?" என்று கேட்டார்.

"எண்ணலை மாமா, மறந்துட்டேன்" என்றேன்.

அக்கா அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். "அப்ப மறுபடி வாங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டு, விறுவிறுவென்று நடந்து கொட்டகைக்குள் போய், பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.